பத்தடி நீச்சல் தொட்டியை அழகாக்குவது எப்படி: குறைந்த செலவில் ஒரு செய்முறை

கோடை விடுமுறைக்கென்று வாங்கும் இரும்புக்குழாய்ச் சட்டமும் பிவிசி உறையும் கொண்ட வட்டத்தொட்டிகள், கொல்லைப்புறத்தில் நிறுத்திய மறுநாளே ஏதோ தண்ணீர் லாரியிலிருந்து இறக்கி வைத்த சாமான்போலத் தோன்றத் தொடங்கிவிடும். அதற்குக் காரணம் தொட்டி அன்று, அதைச் சுற்றியுள்ள தரைதான். ஆகவே தொட்டியின்மேல் ஒட்டுவதற்கும் மிதக்கவிடுவதற்கும் பொருள் தேடாமல், இருக்கிற பணத்தைத் தொட்டியின் அடியிலும் சுற்றிலும் செலவிடுவதே சரி என்பது மூன்று கோடைகளின் அனுபவத்தில் நான் கண்ட முடிவு. இங்கே சொல்லும் அளவுகள் யாவும் 10 அடி விட்டமும் இரண்டரை அடி உயரமும் உள்ள தொட்டிக்கானவை.

முதற்படி: மட்டம்

இந்தத் தொட்டி ஏறத்தாழ 4,500 லிட்டர் கொள்ளும். அதாவது நிரம்பியதும் நாலரை டன் எடை தரையில் அமரும். மொட்டைமாடியில் வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இந்த எடை ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அழுத்தும், வீட்டு மாடிகளோ பொதுவாக 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன என்பதால், கூடாது என்பதே விடை.

தரையில் நடுவே ஒரு முளை அடித்து, அதில் ஆறடிக் கயிறு கட்டி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலால் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) நாற்புறமும் மட்டம் பார்த்து, மேடான பக்கத்தைச் செதுக்கித் தாழ்வான பக்கத்துக்குச் சமமாக்குங்கள். பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்துவது எளிதாகத் தோன்றினாலும், நாலரை டன் எடையில் புதுமண் அமுங்கிவிடும். நாங்கள் முதல் ஆண்டில் அப்படித்தான் செய்தோம்; ஒரு பக்கம் மூன்று அங்குலம் இறங்கி, நீர்மட்டம் சாய்ந்து, எவ்வளவு அலங்கரித்தாலும் தொட்டி கோணலாகவே கண்ணில் பட்டது.

கோரைப்புல் முளைத்த நிலமானால் மேலே அறுத்துவிட்டால் போதாது, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். அதன் கூர்முனை பிளாஸ்டிக் உறையைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு சலித்த மணலை ஓர் அங்குலம் பரப்பி, அதன்மேல் பழைய தார்ப்பாயை இரண்டாக மடித்து விரித்துத் தொட்டியை நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: செங்கல் வளையம்

அழகு கூடுவது இந்தப் படியில்தான். தொட்டியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் செங்கல்லைப் படுக்கையாகப் பதித்தால் ஏறத்தாழ 75 சதுர அடி வரும். அதற்கு 270 கல் தேவை, உடைவதற்கும் வெட்டுவதற்கும் சேர்த்து 300 வாங்கலாம். வீடு இடித்த இடத்துப் பழைய கல் கிடைத்தால் விலையும் குறைவு, நிறமும் இன்னும் நன்றாக இருக்கும். சிமெண்ட் வேண்டாம், இரண்டு அங்குல மணலில் பதித்து, இடுக்குகளில் மணலைக் கூட்டித் தள்ளி, தண்ணீர் தெளித்து இறுக்கினால் போதும். கடப்பைக் கல்லும் பளபளப்பான டைல்ஸும் வெயிலில் காலைச் சுடும், ஈரத்தில் வழுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும். ஏணியின் அருகே கால் கழுவ ஓர் அகன்ற தாம்பாளத்தில் நீர் வையுங்கள். நீர் கலங்குவதில் பெரும்பங்கு காலோடு வரும் மண்ணுக்குத்தான்.

மூன்றாம் படி: தட்டியும் செடியும்

மேற்கு வெயில் படும் பக்கமாக அரைவட்டத்துக்கு மட்டும் ஆறடி உயர மூங்கில் தட்டி போதுமானது; முழுவதும் அடைத்தால் கிணற்றுக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். சவுக்குக் கம்புகளின் அடியில் தார் பூசி ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, தட்டியைத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டுங்கள். கட்டுக்கம்பியின் முனையும் ஆணியும் உறைக்குப் பகை. எந்தக் கம்பையும் தொட்டியின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

தட்டியின் காலடியில் கல்வாழையும் செம்பருத்தியும் தரையிலேயே நடலாம். தெறிக்கும் நீரில் கல்வாழை செழித்து வளரும். வேம்பு, முருங்கை, புங்கை ஆகியவற்றின் நிழலைத் தேடிப் போகாதீர்கள். அவற்றின் பொடி இலைகளை அரிப்பதிலேயே விடுமுறை கழிந்துவிடும். பூந்தொட்டி, திண்ணை, நாற்காலி எதுவும் விளிம்பிலிருந்து நாலடிக்குள் இருக்க வேண்டாம், சிறு குழந்தைகள் அவற்றில் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அதே காரணத்தால், குளித்து முடித்ததும் ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும்.

நான்காம் படி: நீரின் நிறம்

நீர் தெளிவாக இல்லையென்றால் மேற்சொன்ன வேலை எல்லாம் வீண். 4,500 லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் (30 விழுக்காடு குளோரின் உள்ளது) இட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். அதை ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் வெயில் தாழ்ந்தபின் ஊற்றுங்கள். வெயிலில் குளோரின் விரைவாகப் போய்விடும். அடியில் தங்கும் வண்டலைக் கையுறை அணிந்து, செடிகளில் படாமல், செங்கல் பாசியைத் தேய்க்கப் பயன்படுத்தலாம். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும், பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 வரையிலும் இருக்கிறதா என்று சோதனைப் பட்டையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு மிகுந்திருந்தால் பவுடர் இட்டவுடன் நீர் செம்பழுப்பாகும்; பயந்து கொட்டிவிட வேண்டாம். ஓரிரு நாள் அசையாமல் விட்டால் துரு அடியில் படியும், பிறகு உறிஞ்சி எடுத்துவிடலாம். குளிக்காத நாட்களில் தொட்டியை மூடி வைப்பது கட்டாயம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாளே போதும்.

ஐந்தாம் படி: விளக்கு

விளக்கைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டால் ஈசலும் பூச்சியும் நீரில் வந்து விழும். செடிகளுக்கு இடையே தாழ்வாக மறைத்து, ஒளி தட்டியின்மேல் படும்படி மஞ்சள் நிறச் சூரிய ஒளி விளக்குகளை வையுங்கள். அந்த வெளிச்சம் நீரில் பிரதிபலிப்பதே போதிய அழகு. 230 வோல்ட் வயர் எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. வடிகட்டி மோட்டாருக்கு மட்டும் மின்சாரம் தவிர்க்க முடியாதது என்பதால், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் வழியாகவே இணைப்புக் கொடுத்து, யாராவது நீரில் இருக்கும்போது அதையும் நிறுத்தி வையுங்கள்.

பருவம் முடிந்ததும் பவுடர் இடாமல் நான்கைந்து நாள் வெயிலில் விட்டு, குளோரின் இல்லை என்று பட்டையில் கண்டபின் நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். உறையை நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே சுருட்ட வேண்டும். செங்கல் வளையத்தைப் பெயர்க்க வேண்டாம், அடுத்த கோடையில் மட்டம் பார்க்கும் வேலை பாதி குறையும். அதுவரை நடுவிலுள்ள மணலில் நான்கு நாற்காலிகள் தாராளமாக இருக்கும்.