டர்பனில் இலையுதிர்காலம்: தொடக்கப்பள்ளிக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

சித்திரை பிறக்கும்போது தமிழ்நாட்டில் கத்திரி வெயில் வாசலில் நிற்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதே சித்திரையில் இலையுதிர்காலம் பாதி கடந்திருக்கும். இங்கே மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் பகல் சுருங்கிக்கொண்டே போகும் காலம். மார்ச் 1 அன்று காலை 5:45 அளவில் விடிந்து, மாலை 6:30 வரை வெளிச்சம் இருக்கிறது. மே கடைசியில் 6:40க்குத்தான் சூரியன் எழும், மாலை 5:05க்கு மறைந்துவிடும். இந்த நாட்டில் கடிகாரத்தை முன்பின் நகர்த்தும் வழக்கம் கிடையாது, பள்ளி மணியும் மாறாது. மார்ச்சில் நல்ல வெளிச்சத்தில் வேன் ஏறிய அதே 6:15 மணி, மே மாதத்தில் இருட்டு கலையாத நேரம். மாலையில் 5 மணிக்கு மேல் முடிகிற தமிழ் வகுப்பு, கோயில் பஜனை, விளையாட்டுப் பயிற்சி எல்லாமே இருட்டில்தான் முடியும்.

ஆகவே இரண்டாம் பருவம் தொடங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை ஏறும் இடத்தில் பிள்ளை கிளம்பும் நேரத்துக்கே போய் நின்று பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது, பின்னால் வரும் கார் பிள்ளையை எவ்வளவு தூரத்தில் பார்க்கும் என்பதெல்லாம் வீட்டுக்குள் இருந்தால் தெரியாது. விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்து எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியில் புகார் கொடுங்கள். எண் இல்லாமல் தெருப் பெயர் மட்டும் சொன்னால் பழுதுபார்க்க வருகிறவர்களுக்கு எந்தக் கம்பம் என்று தெரியாது.

பள்ளி வேன்: ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பெரும்பாலான பிள்ளைகள் "டிரான்ஸ்போர்ட் அங்கிள்" வண்டியில்தான் போகிறார்கள். அவர் தெரிந்தவர், பக்கத்துத் தெருக்காரர், கோயிலில் பார்க்கிறவர் என்பதால் கேட்கக் கூச்சப்படுகிறோம். கூச்சப்பட வேண்டியதில்லை. பொறுப்பாக ஓட்டுகிறவர் கேட்டதும் காட்டுவார்.

முதலில் அவருடைய ஓட்டுநர் அட்டையைக் கேளுங்கள். கூலிக்கு ஆள் ஏற்றுகிறவருக்குத் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேண்டும். பயணிகளுக்கான 'பி' (P) பிரிவும் அது முடியும் தேதியும் அந்த அட்டையிலேயே அச்சாகியிருக்கும். அனுமதி இரண்டு வருடம்தான் செல்லும். ஆகவே "போன வருடம் பார்த்தேனே" என்று விட்டுவிடக் கூடாது. அடுத்து முன்கண்ணாடியில் ஒட்டிய உரிம வில்லையின் தேதி. அதன் பின், கூலிக்கு ஆள் ஏற்ற அந்த வண்டிக்குக் கொடுத்த இயக்க உரிமம். இந்த மூன்றையும் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வண்டி எண்ணோடு.

பிறகு உள்ளே ஏறுங்கள். வெளியே நின்று பார்த்தால் போதாது. ஒவ்வொரு இருக்கையிலும் பெல்ட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் பெல்ட் இருக்கும், ஆனால் பூட்டும் முனை மெத்தைக்கு அடியில் புதைந்து கிடக்கும். விரலை விட்டு வெளியே எடுத்து, பெல்ட்டின் உலோக நாக்கைச் செருகி, 'கிளிக்' சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு சட்டென்று இழுங்கள். இழுத்ததும் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெல்ட் உதவாது. சிப்ஸ் தூளும் மிட்டாய்ப் பிசுக்கும் பூட்டுக்குள் போய் அடைத்துக்கொள்வதுதான் பூட்டாமல் போவதற்கு அடிக்கடி காரணம்.

எண்ணிக்கையில் ஒரு குழப்பம் இருக்கிறது. சாலை விதியின் கணக்கில், 6 வயது முடிந்து 13 வயது ஆகாத மூன்று பிள்ளைகள் இரண்டு ஆட்களாக எண்ணப்படுகிறார்கள். அந்தக் கணக்குப்படி 14 பயணிகள் உட்காரும் வண்டியில் 21 பிள்ளைகளை அடைக்கலாம். ஆனால் பெல்ட் 14தான் இருக்கும். மோதினால் பெல்ட் இல்லாத ஏழு பிள்ளைகளும் முன் இருக்கையின் மீது எறியப்படுவார்கள். உங்கள் பிள்ளைக்குத் தனி பெல்ட் உண்டா என்று கேளுங்கள். 'மடியில் உட்காருவான்' என்பது பதிலே அல்ல.

'பாக்கி' எனப்படும் திறந்த சிறு சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் கூலிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது 2017 மே 11 முதல் சட்டப்படி தடை. மேலே கூண்டு போட்டிருந்தாலும் அது சரக்குப் பகுதிதான்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கைக்குக் குழந்தை இருக்கை 2015 முதல் கட்டாயம். பெரிய பிள்ளைக்கு வயதைவிட உயரம்தான் கணக்கு. ஏறக்குறைய 1.5 மீட்டர் வளரும் வரை பெரியவர்களுக்கான பெல்ட் சரியாகப் பொருந்தாது. கீழ்ப்பட்டை இடுப்பு எலும்பில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. மேல்பட்டை தோள்பட்டை நடுவில் வர வேண்டும், கழுத்தை அறுக்கக் கூடாது. கழுத்தில் உரசினால் பிள்ளைகள் அதைக் கைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அப்போது மோதலில் விலா எலும்பும் உள்ளுறுப்பும்தான் அடி வாங்கும். உயர்த்தும் இருக்கை ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லை தீரும்.

நடந்து போகிற பிள்ளைகள்

குளிர்காலச் சீருடை பெரும்பாலும் கருநீலம் அல்லது கருஞ்சாம்பல். இருட்டு கூடும் மாதத்தில்தான் பிள்ளைகள் அதைப் போடத் தொடங்குகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே 25 மீட்டர் போய்விடும். ஆகவே தூரத்திலேயே தெரிவதுதான் ஒரே வழி. ஒளி பிரதிபலிக்கும் பட்டையை 5 சென்டிமீட்டர் அகலத்தில் வாங்கி, பையின் பின்புறம் கீழ்ப்பாதியில் ஒன்று, இரண்டு தோள் வாரிலும் முன்பக்கம் ஒவ்வொன்று ஒட்டுங்கள். கீழே ஒட்டச் சொல்வதற்குக் காரணம், காரின் தாழ்ந்த விளக்கு மேலே எட்டாது. துணிப்பையில் பசை நிற்காது, நாலு ஓரமும் தைத்துவிடுங்கள். மஞ்சள் துணி பகலில் பளிச்சென்று தெரியும், இருட்டில் உதவாது. பட்டைதான் வேண்டும்.

வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாடு இது. கடக்கும் முன் முதலில் வலது, பிறகு இடது, மறுபடி வலது. நடைபாதை இல்லாத தெருவில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்க ஓரமாக நடக்க வேண்டும். ரோபோட் (போக்குவரத்து விளக்கு) பச்சையானதும் ஓடிவிடக் கூடாது, திரும்பும் டாக்ஸி நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். காலை 7 மணி வாக்கில் கடலை நோக்கிப் போகிற சாலைகளில், ஹிகின்சன் நெடுஞ்சாலை போன்றவற்றில், தாழ்ந்த வெயில் ஓட்டுநர் கண்ணில் நேராக அடிக்கும். பிள்ளைக்கு அவர் தெரிகிறார் என்பதால் அவருக்கும் பிள்ளை தெரிகிறது என்று ஆகாது. இதைப் பிள்ளையிடம் இப்படியே சொல்லிக் கொடுங்கள்.

ஏப்ரல் மழை

டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மழை முடிந்துவிட்டது என்று நினைக்கும் மாதத்தில்தான் பெரிய வெள்ளங்கள் வந்திருக்கின்றன. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் குடிநீர் நிலையமே அழிந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2019 ஈஸ்டர் திங்களையொட்டியும் வெள்ளம் வந்தது.

வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கிறது. ஆரஞ்சு வந்தால் முதல் நாள் இரவே வேன்காரரிடம் பேசுங்கள். எந்தத் தாழ்பாலத்தைத் தவிர்ப்பார், பாதி வழியில் மாட்டினால் பிள்ளைகளை எந்த வீட்டில் இறக்குவார் என்று கேட்டு வையுங்கள். ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே சிறுபிள்ளையின் கால் வாரிவிடும், 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். உம்லதுசானா ஆற்றையொட்டிய பாதையில் குறுக்கு வழி வேண்டாம். மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவரைப் பாருங்கள். கதவு திடீரென்று இறுகினாலும், மண்சுவரில் புது விரிசல் விட்டாலும், கலங்கிய தண்ணீர் கசிந்தாலும் பிள்ளைகளை அந்தப் பக்க அறையில் தூங்க வைக்காதீர்கள். அன்றே வெளியேறுங்கள்.

குடிநீர் நின்றால், பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்து ஊற்றுங்கள். கொதிக்கவைக்க முடியாவிட்டால் 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், வாசனை சேர்க்காத ஜிக் (வீட்டு ப்ளீச் திரவம்) கலந்து இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். சேறு இருந்தால் மருந்து அதிலேயே செலவாகிவிடும்.

ஈஸ்டர் கோயில் கூட்டம்

பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் கோயில்களில் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். கிளம்பும்போதே பிள்ளையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேடும்போது பதற்றத்தில் சட்டை நிறம்கூட மறந்துபோகும். முன்கையின் உள்பக்கம் பேனாவால் உங்கள் செல்பேசி எண்ணை எழுதுங்கள், பெயரை எழுத வேண்டாம். பெயர் தெரிந்துகொண்டு கூப்பிடுகிறவரோடு பிள்ளை போய்விடும். வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி வாசலிலும் அது உதவும்: "அம்மா அனுப்பினார்" என்று வருகிறவர் அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால் பிள்ளை திரும்பி ஆசிரியரிடம் போக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதும் மாற்றிவிடுங்கள்.

தீமிதி முடிந்த குழியில் சாம்பல் போர்த்திய கங்கு நெடுநேரம் சூடாகவே இருக்கும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மஞ்சள், பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. அவை சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

வீட்டில்

சளிக்காய்ச்சல் தடுப்பூசியை ஏப்ரலுக்குள் போட்டுவிடுங்கள், அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஒன்பது வயதாகாத பிள்ளை முதல்முறை போடுகிறது என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

அவசர எண்களைக் குளிர்பெட்டியின் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, செல்பேசியிலிருந்து எதற்கும் 112, பிள்ளைகளே பேசக்கூடிய உதவி எண் 116. வீட்டில் தாத்தா ஆயாவோடு இருக்கும் பிள்ளை தெருப் பெயரையும் பக்கத்துக் கோயில் அல்லது கடையின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

குளிர் வந்ததும் பாரஃபின் (மண்ணெண்ணெய்) வாங்குகிற வீடுகளில், அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, பால் கொடுக்கவும் கூடாது. வாந்தியில் அது நுரையீரலுக்குள் போவதுதான் உயிருக்கு ஆபத்து. உடனே நச்சு உதவி எண் 0861 555 777ஐக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் போனுக்குக் காத்திராமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.