ஸ்டியரிங்கை ஒடித்தால் சத்தம் வருகிறதா? நீங்களே கண்டுபிடிக்கலாம்

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளம், மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர், காசிமேடு பக்கம் உப்புக்காற்று. வட சென்னையில் ஓடும் காரின் முன்சக்கரப் பகுதி படாத பாடு படுகிறது. வண்டியைத் திருப்பும்போது புதுச் சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். அது எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் போனால், தேவையில்லாத பாகத்தை மாற்றும் செலவு மிச்சம்.

1. முதலில் வீல் நட்டுகளை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். பஞ்சர் ஒட்டியபின் சரியாக முறுக்காமல் விட்டிருந்தாலே டொக் டொக் என்று கேட்கும். சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் லைனர் கழன்று டயரில் உரசினால் புது கிளிப் போதும்.

2. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடட்டும். வேறொருவர் ஸ்டியரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பட்டும். பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பரின் தலைப்பகுதியில் "டங்" என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் போயிருக்கலாம். இதை மட்டும் வீட்டில் கழற்றவே கூடாது. அழுந்திய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் முனகினால் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விடாமல், எங்கே ஒழுகுகிறது என்றும் தேடுங்கள். எலக்ட்ரிக் ஸ்டியரிங் உள்ள கார்களில் பெரும்பாலும் இந்த ஆயிலே கிடையாது.

3. அப்புறம் காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக்-டக்-டக் என்று கேட்டு, வேகம் கூடக்கூட சத்தமும் நெருங்கி வந்தால், இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் ஜாயின்ட்தான் முதல் சந்தேகம்.

இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரம் ஒடித்த நிலையிலேயே அதன் உள்பக்கம் டார்ச் அடியுங்கள். அந்த ஜாயின்ட்டை மூடியபடி, ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் தெரியும். ஒவ்வொரு மடிப்பிலும் விரலை ஓட்டுங்கள். கீறல் மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது, சேற்றுத் தண்ணீரும் மணலும் உள்ளே போகின்றன என்று அர்த்தம். சத்தம் வருமுன் கண்டுபிடித்தால் ஜாயின்ட்டைச் சுத்தம் செய்து, புது கிரீஸும் பூட்டும் போட்டாலே பெரும்பாலும் தப்பித்துவிடலாம். சத்தம் வந்துவிட்டால் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. கிரீஸ் அடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இந்த பூட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

4. வேகத்தில் "ஊம்" என்ற இரைச்சல் வளைவில் மட்டும் கூடினால் வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

5. கடைசியாக, சமதளத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடம் வலமாக மட்டும் ஆடினால், ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனையான டை ராட் எண்ட் பக்கம் பாருங்கள். ஆட்டம் தெரியும் வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள். டை ராட் எண்ட் மாற்றினால் அன்றைக்கே வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.