முதுகுச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் பழைய புத்தகம் கிடைக்கும்

சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பழைய தமிழ்ப் புத்தகம் தேடிப் போகிற இளைஞர்கள் என்னிடம் வழி கேட்பதுண்டு. நான் முதலில் சொல்வது இதுதான்: தலைப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும் எந்த நூலகத்திலும் ஒரு 'எச்' கூடக்குறைய இருந்தால் போதும், கணினி இல்லை என்று சொல்லிவிடும். புத்தகமோ அலமாரியில் இருக்கும்.

அதனால் வீட்டிலேயே மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பிறந்த ஆண்டு, நூல் கவிதையா நாடகமா கதையா என்பது, பதிப்பு ஆண்டு. பிறந்த ஆண்டு எதற்கு என்று கேட்பீர்கள். அங்கேதான் எஸ். ஆர். ரங்கநாதன் வருகிறார்.

இந்த நூலகம் 1907-இல் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் தொடங்கி, 1936-இல் சேப்பாக்கத்தில் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் இதன் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, நூலகப் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். சில துண்டுகளையும் நட்டு போல்ட்டையும் வைத்து எத்தனை விதமான உருவங்கள்! புத்தகங்கள் பேசும் பொருள்களையும் அப்படித் துண்டுகளாக்கி, முக்காற்புள்ளியால் (ஆங்கிலத்தில் 'கோலன்') முடுக்கிவிடலாம் என்று அவருக்குப் பட்டது. புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க எண் கொடுக்கும் கோலன் வகைப்பாடு அப்படி வந்ததுதான், 1933-இல் அச்சானது. உலகம் முழுவதும் நூலக மாணவர்கள் படிக்கிற ஒரு முறை நம் சென்னையில் உருவானது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

சரி, சீட்டுக்கு வருவோம். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் 'கால் நம்பர்' என்பார்கள். பாரதியார் கவிதைகளுக்கு விதிப்படி வரவேண்டிய முதல் வரி: ஓ31,1எம்82 (சீட்டில் ஆங்கில எழுத்தில் O31,1M82 என்று இருக்கும்). இதில் 'ஓ' என்பது இலக்கியம். 31 தமிழ். காற்புள்ளிக்குப் பின் வரும் 1 கவிதை. நாடகம் என்றால் 2, கதை என்றால் 3. 'எம்' 1800-களைக் குறிக்கும். ஆக எம்82 என்றால் 1882, பாரதியார் பிறந்த ஆண்டு. 'என்' என்று இருந்தால் 1900-கள். புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தவர். அவருடைய கதைகளுக்கு ஓ31,3என்06.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, கவிஞர்கள் அகரவரிசையில் நிற்காமல் பிறந்த வரிசையில் நிற்பதுதான். எம்76-இல் கவிமணி, எம்82-இல் பாரதியார், எம்88-இல் நாமக்கல் கவிஞர், எம்91-இல் பாரதிதாசன். மூத்தவருக்குப் பக்கத்தில் இளையவர். இடமிருந்து வலமாக நடந்தால் தமிழ்க் கவிதையின் காலத்தோடு நடக்கலாம். தேடி வந்த புத்தகம் கிடைத்ததும் திரும்பிவிடாமல், இரண்டு பக்கமும் ஒரு முழம் தூரத்துக்குப் பாருங்கள். பெயரே கேள்விப்படாத சமகாலத்தவர்களை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

பழைய சீட்டுகளில் காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் முக்காற்புள்ளி இருந்தால் குழம்பாதீர்கள். கோலன் வகைப்பாட்டு நூலின் முதல் மூன்று பதிப்புகளில் இணைப்புக்குறி அது ஒன்றுதான். மற்றவை 1952-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து சேர்ந்தவை.

இரண்டாம் வரியில்தான் கவனம் வேண்டும். அது பதிப்பு ஆண்டு, ஆனால் எழுத்துக் கணக்கு வேறு. 'பி' என்றால் 1880-கள், 'சி' 1890-கள், 'டி' 1900-கள், 'இ' 1910-கள், 'எஃப்' 1920-கள், 'ஜி' 1930-கள், 'எச்' 1940-கள். 'ஐ' கிடையாது, 1950-களுக்கு நேராக 'ஜே'. ஆக ஜி6 என்றால் 1936. நான் பழகிய புதிதில் இரண்டாம் வரியில் 'எம்' பார்த்துவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு கிடைத்தது என்று பூரித்துப்போனேன். பிரித்தால் 1980-களின் மறுபதிப்பு. முதல் வரி 'எம்' வேறு, இரண்டாம் வரி 'எம்' வேறு.

அடுக்குகளுக்குள் விடுவார்களா என்பதைப் போகும் முன்பே விசாரியுங்கள். அடையாள அட்டையும், கல்லூரியிலிருந்தோ நெறியாளரிடமிருந்தோ ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும். உள்ளே விடாவிட்டாலும், எண்ணைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்துத் தருவது சுலபம்.

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுக்கும்போது மேல் விளிம்பில் விரலைக் கொக்கிபோல் மாட்டி இழுக்காதீர்கள். முதுகு அங்கேதான் கிழியும். பக்கத்துப் புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுமுதுகைப் பிடித்து எடுங்கள். பழுப்பேறிய தாளை மடித்துப் பார்க்கக் கூடாது, உடைந்துவிடும். எச்சில் தொட்டுப் புரட்டுவதும் வேண்டாம். நகல் வேண்டுமென்றால் அனுமதி வாங்கி மேலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு நூலகத்தில், நகல் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தியதில் ஒரு புத்தகத்தின் தையல் விட்டுப்போனதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஓலைச்சுவடி தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் ஆட்சிக்கால நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டியவற்றை உள்ளடக்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் நெடுங்காலம் இந்த வளாகத்தில்தான் இருந்தது. இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்துக்குப் போய்விட்டது. சுவடி வேண்டுமென்றால் நேராக அங்கே போங்கள்.