வீட்டில் ஒருவரை மனநல டாக்டரிடம் கூட்டி வருவது எப்படி?

திண்டுக்கல், தேனிப் பக்கத்து ஆட்கள் வந்துபோகிற ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவர்களில் தனியாக வந்தவர் அபூர்வம். அம்மாவைக் காட்ட வந்தால் கூடவே மகன், மருமகள், ஒரு சித்தி, சித்தியின் கூடையில் ஒரு ஃபிளாஸ்க் காபி. ஆஸ்பத்திரிக்கு வருவதா வேண்டாமா என்பதையும் அந்தக் கூட்டம்தான் பேசி முடிவெடுத்திருக்கும். அதனால் இதை நோயாளிக்காக எழுதவில்லை. வீட்டில் யாருக்கோ சரியில்லை என்று முதலில் மோப்பம் பிடிக்கிற மகளுக்கோ மருமகளுக்கோ எழுதுகிறேன்.

ஐம்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் “மனசு சரியில்லை” என்று வாய் திறந்து சொல்வது குறைவு. உச்சந்தலை எரியுது, மேலெல்லாம் குத்துது, நெஞ்சு படபடங்குது, சோறு இறங்கல என்பார். ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்து நார்மல் என்று வந்ததும் வீட்டில் ஒருவர் “ஒண்ணும் இல்லையாம்” என்பார். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு வலி நிஜம். பொய் சொல்கிறாள் என்று வீடே நினைக்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒடுங்கிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள்: விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறதா, விடாமல் பார்த்த சீரியல்கூடப் பிடிக்கவில்லையா, பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் சந்தோஷம் வரவில்லையா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் காட்ட வேண்டியதுதான். ஆண்களிடம் இது எரிச்சலாகவும் குடியாகவும் வெளியே வரும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இதே சோர்வைக் கொடுக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

அடுத்தது யாரிடம் சொல்வது. பாதி வேலை இதில்தான் இருக்கிறது. கண்டுபிடித்தவர் பேச்சு வீட்டில் எடுபடாது. எடுபடுகிறவருக்கு விஷயம் தெரியாது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த அம்மா பேச்சைக் குறைத்து, குளிப்பதையும் விட்டுவிட்டார். கணவர் “வேலை செய்யாம இருக்கறதுக்கு நடிப்பு” என்றார். இளைய மகள் அப்பாவிடம் மல்லுக்கு நிற்காமல் தாய்மாமனைப் போய்ப் பார்த்தாள். அவர் வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுவிட்டுச் சொன்னாராம்: “மச்சான், நானும் வருஷக்கணக்கா சுகருக்கு மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அக்காவுக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு, அதுக்கு ஒரு டாக்டர் இருக்காரு. வெள்ளிக்கிழமை போவோம், நீங்க கூட வந்தாப் போதும்.” கணவர் செய்தது தப்பு என்று அந்தப் பேச்சில் எங்குமே வரவில்லை. அதனால்தான் அவரும் கிளம்பி வந்தார். உங்கள் வீட்டில் அந்த ஆள் அத்தையாக இருக்கலாம், பெரியப்பாவாக இருக்கலாம். ஒரே ஒருவர் போதும். நாலு பேரைக் கூட்டினால் பஞ்சாயத்தாகிவிடும்.

“கோயிலுக்குப் போறோம்” என்று ஏமாற்றி ஏற்றி வராதீர்கள். அப்படி வந்தவர்கள் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பியதைப் பார்த்திருக்கிறேன். தூக்கத்துக்கு டாக்டர் என்பது பொய்யில்லை, அதையே சொல்லுங்கள்.

கோயிலா டாக்டரா என்று வீட்டில் சண்டை வேண்டாம். குணசீலம் பெருமாளிடம் ஒரு மண்டலம் தங்க வைக்கிற வழக்கம் உண்டு. ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். போகட்டும், மாத்திரையும் பையில் போகட்டும். கட்டிப்போடுகிற இடத்தில் மட்டும் யாரையும் விட்டுவிட்டு வரக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

ஓ.பி.க்கு வரும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து உட்பட, எடுத்து வாருங்கள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருமகளும் வாய் திறக்கமாட்டாள். சில வீடுகளில் நோய்க்குக் காரணமே கூட வந்திருப்பவர்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயது வந்தவர் தன் சார்பில் பேச வயது வந்த யாரை வேண்டுமானாலும் நியமித்துக்கொள்ளலாம். ரத்த உறவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. தோழி போதும்.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலாம். பக்கத்து வீட்டு அக்கா சரியாக அந்த வாரம் வந்து “பழகிப்போயிரும், நிறுத்திடு” என்பார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

“செத்துரலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து டப்பாவை வீட்டை விட்டே அகற்றுங்கள், அன்றைக்கே கூட்டி வாருங்கள். ராத்திரியானாலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

கடைசியாக, வரன் பார்க்கும் வீடுகளுக்கு. மாத்திரையை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் நிறுத்திவிடுகிறார்கள். அதோடு கல்யாண வீட்டுத் தூக்கமின்மையும் சேர்ந்து, சில மாதத்தில் பெண் மறுபடி எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், இந்தத் தடவை கோபத்தோடு நிற்கிற புது மாமியாருடன். பேச்சு தொடங்கும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆகாது, முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். மாப்பிள்ளையிடம் மறைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். தரகரிடமோ சம்பந்தியிடமோ போய்ச் சொல்வதையும்தான். பெண் சம்மதித்தால் மாப்பிள்ளையையே ஒருநாள் ஓ.பி.க்குக் கூட்டி வாருங்கள். புதன்கிழமை கூட்டம் குறைவு, பேச நேரம் கிடைக்கும்.