வி.பி.எஸ். விட்டதும் பிள்ளை யாரோடு போகிறது?

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சபையில் மே மாத வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, என் பொறுப்பு. ஒரு மத்தியானம் ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தியைக் காணவில்லை. இருபது நிமிடம் தேடிய பிறகுதான் தெரிந்தது, மழை வருகிறதே என்று வாலன்டியர் தம்பி ஒருவர் பைக்கில் வீட்டில் விட்டிருக்கிறார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனாலும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு நோட்டு போட்டேன். பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர் பெயர், போன் நம்பர், கையெழுத்து. பெயர் இல்லையென்றால், சொந்த மாமாவே வந்தாலும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் அனுப்புவோம். "நம்ம சபைக்காரங்கதானே அக்கா, இதெல்லாம் எதுக்கு?" என்று சிலருக்கு வருத்தம். நம்ம ஆள் என்கிற இடத்தில்தான் நாம் கவனிப்பதை விட்டுவிடுகிறோம் என்றேன்.

அப்புறம், வகுப்புக்குப் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்தே இருக்கும். 2012 போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. சபைக்குள் பேசி முடிக்கிற விஷயமே இல்லை. இதை வாலன்டியர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளே சார்ட்டில் பெரிதாக எழுதி, அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.