வீட்டு பேட்டரி: விற்ற காசை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

2025 ஜூலை 1-ஆம் தேதி கூரை சோலார் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வீட்டு பேட்டரிக்கு ஆஸ்திரேலிய மத்திய அரசின் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து சிட்னியில் எந்தத் தமிழ் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் இதே பேச்சுதான். எத்தனை யூனிட் போட்டீங்க, எந்த வி.பி.பி.யில் (வீட்டு பேட்டரிகளைச் சேர்த்து இயக்கும் திட்டம்) சேர்ந்தீங்க, மாசம் எவ்வளவு வருது. மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் ஆப்பைத் திறந்து, விற்று வந்த தொகையைக் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டு திரிந்தேன். முதல் மாதம் 36 டாலர் வரவு என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. பிறகு மின்சார பில் வந்தது, அந்த 36 டாலர் கழித்தும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

என்ன நடந்தது என்றால், தினமும் மாலை 6 மணிக்கு பேட்டரியிலிருந்து 8 யூனிட்டை கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்கு, தள்ளும்படி நேரம் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஏற்றுமதிக்கு 15 சென்ட் தருகிறார்கள், சும்மா விடுவானேன் என்று நினைப்பு. ஒன்பதரைக்கு பேட்டரி காலி. அதற்கு மேல் பாத்திரம் கழுவும் மெஷின், ஹீட்டர், காலையில் குளிக்க வெந்நீர், இட்லிக்கு மாவு அரைப்பது வரை எல்லாம் கிரிட்டிலிருந்து, யூனிட் 32 சென்ட்டுக்கு. 8 யூனிட் விற்றதில் 1 டாலர் 20 சென்ட். திரும்ப வாங்கிய 7 யூனிட்டுக்கு 2 டாலர் 24 சென்ட். ஒரு ராத்திரிக்கு ஒரு டாலருக்கு மேல் நஷ்டம், அதை ஆப் 'வருமானம்' என்று காட்டியிருக்கிறது. ஆப் பொய் சொல்லவில்லை, நான்தான் பாதியைப் பார்த்தேன்.

இதுதான் ஆகப் பெரிய தவறு, மற்ற பல தவறுகள் இதன் பிள்ளைகள். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு மாற்று விலை உண்டு. நாளைக் காலை சூரியன் வருவதற்குள் அந்த யூனிட் வீட்டுக்குத் தேவைப்படும் என்றால் அதன் மதிப்பு 32 சென்ட், அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மறுநாள் நல்ல வெயில், விடியும்போது பேட்டரியில் பாதி மிச்சம் இருக்கப்போகிறது என்றால் அந்த மிச்சத்தின் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், 10 சென்ட் கிடைத்தாலும் தள்ளிவிடலாம். ஒரே பேட்டரி, ஒரே மாலை, முதல் 7 யூனிட்டுக்கு ஒரு விலை, மீதிக்கு வேறு விலை. 'ஸ்மார்ட்' என்று பெயர் வைத்து விற்கிற கட்டுப்பாட்டு மென்பொருள் எல்லாம் செய்வது, செய்ய வேண்டியது, இந்தக் கணக்கைத்தான். நேரம் வைத்து விற்கிற ஏற்பாடு இதைச் செய்யாது, ஜூன் மாதக் குளிரிலும் ஜனவரி வெயிலிலும் அதே ஆறு மணிக்கு அதே 8 யூனிட்டை அது வெளியே தள்ளும்.

பகலில் விற்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாட்டில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சோலார் இருக்கிறது, நடுப்பகல் மின்சாரத்துக்கு ஆளில்லை. விக்டோரியாவில் 2025-26க்கான குறைந்தபட்ச ஃபீட்-இன் விலையை, அதாவது கிரிட்டுக்கு அனுப்பும் சோலாருக்குத் தரும் விலையை, யூனிட்டுக்கு 0.04 சென்ட் என்று வைத்தார்கள். நாலு சென்ட் இல்லை, ஒரு சென்ட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் பேட்டரி நிறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்தது ஸ்பாட் விலை, அதாவது அந்தந்த நேரத்துச் சந்தை விலை, மீதான மோகம். ஆம்பர் மாதிரியான மின் விற்பனை நிறுவனங்கள் மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டுக்குக் கடத்துகின்றன. 2021 அக்டோபரிலிருந்து இந்தச் சந்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விலை தீர்க்கிறது. 2025-26க்கான உச்சவரம்பு ஒரு மெகாவாட்-மணிக்கு (ஆயிரம் யூனிட்) 20,300 டாலர், அதாவது யூனிட்டுக்கு 20 டாலர் 30 சென்ட். கீழ்வரம்பு யூனிட்டுக்கு மைனஸ் ஒரு டாலர். உச்சவரம்பைத் தொடுகிற அரை மணி நேரம் உங்கள் பேட்டரி 5 கிலோவாட்டில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் இரண்டரை யூனிட்டுக்கு 50 டாலர். ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டவர் அப்புறம் ராத்திரி தூங்க மாட்டார்.

சிக்கல் எங்கே என்றால் முன்கணிப்பில். மதியம் மூன்று மணிக்கு ஆப்பைத் திறந்தால் மாலை ஆறரைக்கு யூனிட் 15 டாலர் என்று காட்டும். உடனே விற்பதை நிறுத்திவிட்டு, பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பி, ஏசியைக்கூட அணைத்துவிட்டுக் காத்திருப்போம். ஆறே கால் ஆகும்போது அது 90 சென்ட் ஆகியிருக்கும், ஆறரைக்கு 24 சென்ட். ஏனென்றால் அந்த முன்கணிப்பு மின் நிலையங்கள் அதுவரை போட்டிருக்கும் ஏலத்தை வைத்துப் போட்ட கணக்கு. அதே 15 டாலரை எரிவாயு நிலையக்காரரும் பெரிய பேட்டரிக்காரரும் பார்க்கிறார்கள், ஏலத்தை மாற்றிப் போடுகிறார்கள், விலை இறங்கிவிடுகிறது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஐந்தே முக்காலுக்கு 40 சென்ட் வருகிறதே என்று மொத்தத்தையும் விற்றுவிட்டு, ஏழு மணிக்கு எங்கேயோ ஒரு மின் நிலையம் நின்றுபோய் விலை எகிறும்போது காலி பேட்டரியோடு அதே விலைக்கு வாங்குவது. இது முதலாவதைவிடக் கொடுமை. விற்காமல் போனால் கனவுதான் போகும், வாங்க நேர்ந்தால் கைக்காசு போகும். நான் இப்போது ஒரு மணி நேரத்துக்கு அப்பாலுள்ள முன்கணிப்பைப் பெரிதாக நம்புவதில்லை. உச்சம் வரும்போது பாதியை விற்பேன், மீதி வீட்டுக்கு. சில நாள் இதனால் இருபது டாலர் தவறிப்போகும், போகட்டும்.

மைனஸ் விலையைப் பார்த்துத் துள்ளுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மொத்தச் சந்தையில் மைனஸ் 3 சென்ட் என்றால் உங்களுக்கும் மைனஸ் 3 என்று அர்த்தமில்லை. கம்பிக்கான நெட்வொர்க் கட்டணம், இதர கட்டணங்கள், ஜிஎஸ்டி எல்லாம் அதன் மேல் ஏறும். கிரிட்டிலிருந்து ஏற்றுவதாக இருந்தால் கடைசியாக உங்கள் பில்லில் விழுகிற விலையைப் பாருங்கள். அதோடு பேட்டரிக்குள் போய் வெளியே வருவதில் பத்து சதவீதம்போல வெப்பமாகிவிடும். 12 சென்ட்டுக்கு வாங்கி ஏற்றினால் வெளியே வரும்போது அதன் அடக்க விலை 13 சென்ட்டுக்கு மேல்.

அதற்கும் மேல் தேய்மானம். எட்டாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய பேட்டரி ஆயுள் முழுக்க 40,000 யூனிட் தரும் என்று வைத்தால் யூனிட்டுக்கு 20 சென்ட் தேய்மானம் வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து ஒன்றுமே விற்காமல் இருப்பதும் தப்பு, ஏனென்றால் சும்மா வைத்திருந்தாலும் வயதாகத்தான் செய்யும். நான் யூனிட்டுக்கு 5 சென்ட் தேய்மானம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். 2 சென்ட் லாபத்துக்காக ஏற்றி இறக்குவதை இது தடுக்கிறது, நல்ல விலை வரும்போது குறுக்கே நிற்பதில்லை. வாரண்டி தாளை மட்டும் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். சில வாரண்டிகள் சொந்தச் சோலாரைச் சேமித்துப் பயன்படுத்தும்வரை எத்தனை தடவை ஏற்றி இறக்கினாலும் கேள்வி கேட்காது, கிரிட் சேவைக்குப் பயன்படுத்தினால் மொத்தம் இவ்வளவு யூனிட்தான் என்று வரம்பு போடும்.

கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. தள்ளுபடி 50 யூனிட் வரை உண்டு என்று கேள்விப்பட்டு ஒருவர் 40 யூனிட் பேட்டரியைப் போட்டார், இன்வெர்ட்டர் பழைய 5 கிலோவாட். தொட்டி பெரிசு, குழாய் அதேதான். விலை நன்றாக இருக்கிற இரண்டு மணி நேரத்தில் அதிகபட்சம் 10 யூனிட் வெளியே வரும், அதிலும் வீட்டு அடுப்பும் ஏசியும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இதற்கு மேல் ஏற்றுமதி வரம்பு என்று ஒன்று இருக்கிறது, கம்பிக்காரர் (மின்கம்பிகளை நடத்தும் நிறுவனம்) ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் மீட்டரைத் தாண்டிப் போகாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் நிலையான வரம்பு என்றால் 1.5 கிலோவாட், கம்பியின் நிலையைப் பொறுத்து வரம்பு மாறுகிற நெகிழ்வு ஏற்றுமதியில் சேர்ந்தால் 10 வரை. பேட்டரி வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. நிறையப் பேர் மாட்டிய பிறகுதான் கேட்கிறார்கள்.

இனி வி.பி.பி. ஆயிரக்கணக்கான வீட்டு பேட்டரிகளை ஒரே மின் நிலையம்போல ஒருவர் இயக்குவது. தள்ளுபடி வாங்கினால் கட்டாயம் சேர வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கிரிட்டோடு இணைந்த பேட்டரிக்கு வி.பி.பி.யில் சேரும் திறன் இருக்க வேண்டும், அவ்வளவுதான், சேருவது உங்கள் விருப்பம். மாட்ட வந்தவர் நீட்டிய டேப்லெட்டில் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்றுமதி விலையை மட்டும் பார்க்காமல் தினசரி நிலைக் கட்டணம், இறக்குமதி விலை, ஒரு வருஷத்தில் எத்தனை தடவை பேட்டரியை எடுத்துக்கொள்வார்கள், எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறக்க மாட்டார்கள், நடுவில் விலகினால் என்ன பிடிப்பார்கள், இத்தனையும் கேளுங்கள். தூக்கிக் கொடுக்கிற சேர்க்கைப் பணத்தை இரண்டு வருஷ நிலைக் கட்டணத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிற திட்டங்கள் இருக்கின்றன.

வி.பி.பி.காரர்கள் சொல்லும் எஃப்காஸ் (கிரிட்டின் அலைவெண்ணைக் காக்கும் சேவை) வருமானத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். கிரிட்டின் அலைவெண் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். பெரிய நிலையம் ஒன்று திடீரென்று நின்றால் அது சரியும், அதைப் பிடித்து நிறுத்த நொடிகளில் மின்சாரம் தருகிறவர்களுக்கு, தயாராக நின்றதற்கே காசு. பேட்டரிக்கு இது கைவந்த கலை. 2016 செப்டம்பர் 28-ஆம் தேதி தெற்கு ஆஸ்திரேலியா முழுக்க இருண்டது, அடுத்த வருஷமே அந்த மாநிலத்து ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வந்தது. 2020 ஜனவரி 31-ஆம் தேதி புயலில் விக்டோரியாவில் மின்கோபுரங்கள் சாய்ந்து, தெற்கு ஆஸ்திரேலியா இரண்டு வாரத்துக்கு மேல் தனித்தீவாக நின்றது, அந்த நாட்களில் எஃப்காஸ் விலை வானத்தைத் தொட்டது. அந்தக் காலத்து எண்களை எடுத்துப்போட்டு இன்றைக்கும் விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். அதற்குப் பிறகு பெரிய பேட்டரிகள் வரிசையாக வந்து அந்தச் சந்தையை நிரப்பிவிட்டன, சாதாரண நாட்களில் விலை சொற்பம். வந்தால் சந்தோஷம், பில் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு பேட்டரிக்கு இரண்டு எஜமான் வைப்பதும் அடிக்கடி நடக்கிறது, அதுவும் நம்ம ஐ.டி. ஆட்கள் வீட்டில். வி.பி.பி. ஒரு பக்கம் கட்டளை அனுப்பும், ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுச் சாதனங்களை இயக்கும் மென்பொருளில் எழுதிய சொந்த ஸ்கிரிப்ட் இன்னொரு பக்கம். ஒன்று ஏற்று என்கும், மற்றது இறக்கு என்கும். வரைபடத்தில் ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் கோடு தெரிந்தால் இதுதான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒருவரிடம் முழுசாக விடுங்கள், இல்லை என்றால் முழுசாக நீங்களே பாருங்கள்.

புயல் நாளுக்கு மிச்சம் வையுங்கள். நான் இருபது சதவீதம் வைக்கிறேன், வானிலை எச்சரிக்கை வந்தால் எண்பது. ஆனால் அதற்கும் முன்னால், மின்தடையில் உங்கள் பேட்டரி வீட்டுக்கு மின்சாரம் தருமா என்று பாருங்கள். தனியாக பேக்கப் வயரிங் செய்யாவிட்டால் பல பேட்டரிகள் கிரிட் போனதும் சேர்ந்து படுத்துவிடும், நூறு சதவீதம் நிறைந்திருந்தாலும். ஃபிரிட்ஜ் எந்த சர்க்யூட்டில் இருக்கிறது என்று மாட்டுகிற அன்றே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, சொல்லவே வெட்கம். இன்டர்நெட் கம்பெனியை மாற்றினோம், புது ரவுட்டர், புது பாஸ்வேர்டு. டிவி, போன், மகளின் லேப்டாப் எல்லாவற்றுக்கும் புதுசைக் கொடுத்தேன். கராஜ் சுவரில் இருக்கிற பேட்டரி ஞாபகமே வரவில்லை. அது தன் பாட்டுக்கு பகலில் ஏற்றி ராத்திரி வீட்டுக்கு இறக்கிக்கொண்டிருந்ததால் வீட்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 19 நாள் கழித்து வி.பி.பி.யிலிருந்து மின்னஞ்சல்: உங்கள் சாதனம் தொடர்பில் இல்லை, இந்த மாத வரவு கிடையாது. அந்த சனிக்கிழமையே பன்னிங்ஸ் கடையில் 20 மீட்டர் ஈதர்நெட் கேபிள் வாங்கி, துணி துவைக்கும் அறை வழியாக இழுத்து கராஜில் செருகினேன். கதவுக்கு மேலே நீலக் கேபிள் தொங்குகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் இன்னும் முணுமுணுப்பு ஓயவில்லை.