காக்காவைத் ‘தாத்தா’ என்கிற குழந்தையும் பெரியவர்கள் செய்கிற தவறுகளும்

என் அக்கா மகளுக்கு அப்போது இரண்டேகால் வயது. மொட்டைமாடிச் சுவரில் காக்கா வந்து உட்கார்ந்ததும் ‘தாத்தா, தாத்தா’ என்று கூவுவாள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நிஜத் தாத்தா ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்ப்பார். ஒருநாள் வேடிக்கைக்காக நானும் காக்காவைக் காட்டி, ‘ஆமா, அதோ தாத்தா’ என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘தாத்தா இல்ல, தாத்தா!’ என்று காலை உதைத்தாள். நான் சொன்னால் தப்பு, அவள் சொன்னால் சரி. அவளுக்கு அவை இரண்டும் வேறு வேறு சொற்கள்.

இது எங்கள் வீட்டு அதிசயம் இல்லை. 1960இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜீன் பெர்க்கோவும் ரோஜர் பிரவுனும் இதே போன்ற ஒரு பையனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தன் பொம்மை மீனை அவன் ‘ஃபிஸ்’ என்பான். ‘இது உன் ஃபிஸ்ஸா?’ என்று கேட்டால் இல்லை என்பான். ‘உன் ஃபிஷ்ஷா?’ என்றால், ‘ஆமா, என் ஃபிஸ்’ என்பான். காது பிடித்துவிட்டதை நாக்கு இன்னும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். க சொல்ல நாக்கின் பின்பகுதி எழ வேண்டும். த-வுக்கு நுனி பல்லைத் தொட்டால் போதும். பல குழந்தைகள் முதலில் சுலபமானதை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். ரயில் ‘லயிலு’ ஆவதும் பழம் ‘பயம்’ ஆவதும் இப்படித்தான். ழகரத்துக்கெல்லாம் அவசரமே வேண்டாம். ஐம்பது வயதிலும் அது வாய்க்காதவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

ஆகவே ‘தாத்தா இல்லடி, க்கா… க்கா… எங்கே சொல்லு’ என்று உட்கார வைத்துப் பாடம் எடுப்பதில் பயன் இல்லை. அவளுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லித் தருகிறோம். அதற்குள் அவள் சொல்ல வந்த விஷயம் பறந்து போய்விடும். ‘ஆமா, காக்கா வந்துச்சு! வடகத்தைத் தூக்கப் பாக்குதா?’ என்று பேச்சை நீட்டினால் போதும். சரியான உச்சரிப்பு அதிலேயே காதில் விழுந்துவிடுகிறது, பேச்சும் அறுபடுவதில்லை.

சரி, மழலையில் பேசலாமா கூடாதா? ‘மம்மு’, ‘இங்கா’, ‘ஜோஜோ’ என்று குரலை உயர்த்தி, இழுத்துப் பேசுவதைச் சிலர் பிற்போக்கு என்று நினைத்து முதல் நாளிலிருந்தே செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசுகிறார்கள். கைக்குழந்தைகளுக்கு அந்த இழுவைக் குரல்தான் பிடித்தமானது, அதைத்தான் கூர்ந்து கேட்கின்றன. தயங்காமல் பேசுங்கள்.

இலக்கணப் பிழை என்று நாம் சிரிப்பது பெரும்பாலும் பிழையே இல்லை. ‘அப்பா வந்துச்சு’ என்கிறது குழந்தை. ‘பாப்பா தூங்குது’, ‘பாப்பா அழுவுது’ என்று நாள் முழுக்க அதனிடம் பேசியது நாம்தானே? தன்னைப் பற்றி மற்றவர்கள் சொல்லக் கேட்ட விதியை அது அப்பாவுக்கும் பொருத்திப் பார்க்கிறது. (மதுரைப் பக்கத்தில் பெரியவர்களே ‘அம்மா வந்துச்சு’ என்பார்கள். அங்கே இது பிழைக் கணக்கிலேயே வராது.) ஆங்கிலக் குழந்தைகளும் முதலில் ‘வெண்ட்’ (went) என்று சரியாகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் கழித்து ‘கோ’வோடு (go) இறந்தகால விகுதியை ஒட்டி ‘கோட்’ (goed) என்று சொல்ல ஆரம்பிக்கும். பார்ப்பதற்குப் பின்னால் போனது போல இருக்கும். உண்மையில் அப்போதுதான் அவை விதியைக் கண்டுபிடித்திருக்கின்றன. நாமும் இதையெல்லாம் திருத்துவதாக நினைத்துக்கொள்கிறோமே தவிர, பெரும்பாலும் திருத்துவதில்லை. 1970இல் பிரவுனும் கமில் ஹான்லனும் பெற்றோர் பேச்சை ஆராய்ந்தபோது, பெற்றோர்கள் குழந்தை சொல்வது உண்மையா பொய்யா என்பதைத்தான் கவனித்தார்கள், இலக்கணத்தை அல்ல. அப்படியும் பிள்ளைகள் இலக்கணம் கற்றுக்கொண்டுவிடுகின்றன.

அடுத்தது விருந்தாளிப் பரீட்சை. ‘மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு’, ‘இது என்ன கலர்?’, ‘யானை எப்படிக் கத்தும்?’ விடை நமக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். விடை தெரிந்தவர் கேட்கிற கேள்விக்கு யாருக்குத்தான் பேசத் தோன்றும்? நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் வகுத்த பருவங்களைப் பாருங்கள். கைகொட்டும் சப்பாணி, அழைத்தால் நடந்து வரும் வாரானை, அதன் பிறகு நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி. அம்மா இடுப்பில் குழந்தை, மேலே நிலா, அம்மாவும் குழந்தையும் ஒன்றையே பார்க்கிறார்கள், ஒருவர் அதைப் பற்றிப் பேசுகிறார். சொல் ஒட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான். ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரலை நீட்டிக் காட்ட ஆரம்பிப்பதைப் பேச்சின் தொடக்கமாகவே எடுத்துக்கொள்ளலாம். அது எதைக் காட்டுகிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். நாம் காட்ட நினைத்த சார்ட் பேப்பர் கிடக்கட்டும்.

வீட்டு இங்கிலீஷ்

‘கண்ணா, டாகி பாரு. மில்க் குடி. ஹேண்ட் வாஷ் பண்ணு.’ எனக்கு எரிச்சல் வருவது மொழிப்பற்றால் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் சரளமாக இருக்கும் அம்மா முழுக்க ஆங்கிலத்தில் பேசி வளர்த்தால், குழந்தை நல்ல ஆங்கிலம் பேசும். சிக்கல் அங்கே இல்லை. நம் வீடுகளில் ஆங்கிலம் என்ற பெயரில் வருவது பத்து இருபது பெயர்ச்சொல்லும் நாலு கட்டளையும். நேற்று பஸ்ஸில் நடந்ததைக் கதையாகச் சொல்ல, ஏன் மழை வருகிறது என்று விளக்க, செல்லமாகக் கிண்டல் செய்ய அந்த ஆங்கிலம் போதாது. ஆகவே பேச்சே சுருங்கிவிடுகிறது. எந்த மொழியில் உங்களுக்கு வாய் ஓயாமல் பேச வருமோ, அதில் பேசுங்கள்.

இதன் மறுபக்கமும் ஒரு தவறுதான். ‘இரண்டு மொழி கேட்டுக் குழம்பிவிட்டான், அதனால்தான் பேச்சு வரவில்லை’ என்று சொல்லி, வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது. அப்படிப்பட்ட குழந்தையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் கூட்டி எண்ண வேண்டும். ‘வாட்டர் வேணும்’ என்று கலந்து பேசுவதும் குழப்பம் இல்லை. அதைக் கற்றுக்கொண்டதே நம்மிடம்தான்.

செல்போன் பேசக் கற்றுத் தருமா?

2003இல் மொழி ஆய்வாளர் பாட்ரிசியா குல் குழுவினர் சியாட்டிலில் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தார்கள். சில குழந்தைகளோடு ஆள் நேரில் உட்கார்ந்து 12 முறை, தடவைக்கு 25 நிமிடம், பேசி விளையாடினார். வேறு சில குழந்தைகள் அதே பேச்சை வீடியோவில் பார்த்தன. நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வீடியோ பார்த்தவற்றுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. திரை நம் முகத்தைப் பார்ப்பதில்லை, விரல் நீட்டினால் திரும்புவதில்லை, பதிலுக்குக் காத்திருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சோறு ஊட்டும்போது போனைக் கையில் கொடுப்பவர்களின் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் வாய் திறந்து பேச்சு நடக்க வேண்டிய நேரமும் அதுதான்.

பேச்சு வர வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பதும் தேன் தடவுவதும் இன்னும் நடக்கிறது. வசம்பிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் நச்சுத்தன்மை கொண்டது. அதனாலேயே அமெரிக்காவில் 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். இரண்டுக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லை.

‘அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்’

மற்றதில் பெரும்பாலானவை சில்லறைத் தவறுகள். விலை அதிகமானது இப்படிச் சொல்லிக் காத்திருப்பதுதான். தாமதமாகப் பேசிச் சமாளித்துக்கொண்ட குழந்தைகள் நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் நம் குழந்தை அந்தக் கூட்டமா என்பதைக் காத்திருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. ‘ஆண்பிள்ளை லேட்டாதான் பேசும்’ என்பார்கள். ஆண், பெண் வித்தியாசம் சராசரியில் சிறியது. இரண்டு வயதில் ஒரு வாக்கியத் துண்டுகூட இல்லாததற்கு அது காரணம் ஆகாது.

முதலில் பார்க்க வேண்டியது காது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ‘குக்கர் விசில் அடித்தால் திரும்புகிறான், காது நன்றாகக் கேட்கிறது’ என்று இரண்டரை வயது வரை விட்டுவிட்டார்கள். குக்கர் விசிலும் கதவு அறைவதும் கேட்டாலும், ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். இன்னொரு ஏமாற்றமும் உண்டு: காது கேளாத குழந்தைகளும் முதல் சில மாதங்களில் ‘ங்ஙா’ என்று குரல் கொடுக்கும். ‘அப்போ பேசினானே’ என்று வீட்டில் சொல்வது அதைத்தான். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டாலும் கேட்பது மங்கும்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஓஏஇ, பெரா என்ற காது கேட்கும் திறன் சோதனைகளைத் தூங்குகிற குழந்தைக்கும் செய்யலாம், வலி கிடையாது. காக்ளியர் இம்ப்ளாண்ட் (கேட்க உதவ அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கருவி) தேவைப்பட்டால் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு, ஆனால் வயது வரம்பும் உண்டு. காத்திருந்தால் நஷ்டம் என்பதற்கு அந்த வரம்பே சாட்சி.

ஒரு வயதில் ‘பபபா, மமமா’ என்ற மழலையோ, விரல் நீட்டுவதோ, டாட்டா காட்டுவதோ இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் ‘அம்மா வா’ போலச் சொந்தமாக இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை. இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால், எந்த வயதானாலும், உடனே போங்கள்.

போகும் முன் குழந்தை சொல்லும் சொற்களை எழுதிக்கொண்டு போவது நல்லது. அம்மா ஒரு பட்டியல், பாட்டி ஒரு பட்டியல். பாட்டியின் பட்டியல் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும், அதில் பாதியைத் தள்ளிவிட வேண்டாம். உச்சரிப்பு கோணலாக இருந்தாலும், ஒரே பொருளைக் குறிக்கத் தொடர்ந்து சொன்னால் அது ஒரு சொல்தான். என் அக்கா மகளின் பட்டியலில் ‘தாத்தா’ இரண்டு தடவை வரும். இரண்டையும் எண்ண வேண்டும்.